ரத்தம் உறையாத குழந்தையும் நீண்டுபோன பிரசவமும்: ஒரு செவிலியரின் அனுபவம்

செவிலியர் படிப்பில் பிரசவம் ஒரு தாள், குழந்தை நலம் இன்னொரு தாள். வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பிரிவு அப்படியே தொடர்கிறது. பிரசவ அறையில் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் வார்டு தெரியாது. வார்டில் இருப்பவர்களுக்குப் பிரசவ அறையில் நடந்தது தெரியாது. நான் பிரசவ அறையில் பல வருடம் இருந்துவிட்டு, அப்புறம் குழந்தைகள் வார்டுக்கு மாறினேன். ரத்தம் உறைவதில் குறையுள்ள பிள்ளைகளை அங்கே பார்க்கப் பார்க்க, கேஸ் ஷீட்டில் நான் முதலில் புரட்டும் பக்கமே மாறிவிட்டது. இப்போது பிறப்புக் குறிப்பைத்தான் முதலில் தேடுகிறேன். பிரசவம் எவ்வளவு நேரம் இழுத்தது, வேக்கம் (குழந்தையின் தலையில் கப் வைத்து உறிஞ்சி இழுக்கும் கருவி) போட்டார்களா, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை பிரசவ அறையிலேயே தொடங்கிவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறேன். இளைய செவிலியர்களும் கருவுற்றிருக்கும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், கேள்வி கேட்கும் விதம். "குடும்பத்தில் யாருக்காவது ரத்த நோய் உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அவர்கள் எதையும் மறைப்பதில்லை. அவர்கள் வீட்டில் அதை யாரும் ரத்த நோய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணனுக்கு மூட்டு வாதம், மாமாவுக்கு உடம்பு வாகு, சின்ன வயதிலேயே இறந்துபோன இன்னொரு மாமாவுக்குத் தலையில் அடி என்றுதான் பேசியிருப்பார்கள். அதனால் நான் சம்பவமாகவே கேட்பேன். பல் பிடுங்கிய பிறகு மறுநாள் வரை ரத்தம் கசிந்தவர்கள் உண்டா? தவழும் வயதிலேயே முட்டியும் முழங்கையும் வீங்கிய ஆண் பிள்ளைகள் உண்டா? விருத்தசேதனம் செய்தபோது யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதா? பிரசவத்துக்கு அப்புறம் உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா? உங்களுக்கே மாதவிடாய் 7 நாளைத் தாண்டுமா, கட்டி கட்டியாகப் போகுமா? தாய்மாமன், கூடப் பிறந்த அண்ணன் தம்பி, பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். வலி தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது இதையெல்லாம் கேட்டால் சரியான பதில் வராது. கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே கேட்டுவிட வேண்டும்.

அம்மா வழியைத் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மரபணுக் குறையால் ரத்தம் சரியாக உறையாத நோய்தான் ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஃபாக்டர் என்போம். ஹீமோபிலியா ஏ என்றால் ஃபாக்டர் 8 குறைவு. ஹீமோபிலியா பி என்றால் ஃபாக்டர் 9 குறைவு. இரண்டுக்குமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதே அளவு வாய்ப்போடு அதைச் சுமக்கலாம். ஹீமோபிலியா ஏ ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே நோய் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வருவது அது. எனவே "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிட முடியாது.

கேள்வி பலன் தந்த ஒரு பிரசவத்தைச் சொல்கிறேன். தலைப்பிரசவம். சேர்க்கும்போதே அந்தப் பெண், "என் தம்பிக்கு ஒரு கால் நீட்ட வராது சிஸ்டர், அடிக்கடி ஊசி போட்டுக்கப் போவான்" என்றார். என்ன ஊசி என்று தெரியவில்லை. தம்பியிடமே போனில் பேசினோம். ஃபாக்டர் 8, தீவிர வகை என்று தெளிவாகச் சொன்னான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆண், நோய் உள்ளவன் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்: வேக்கம் வேண்டாம், ஃபோர்செப்ஸ் (இடுக்கி) வேண்டாம், குழந்தையின் தலையில் (துடிப்பை அறியும்) எலெக்ட்ரோடு பொருத்த வேண்டாம், தலைத்தோலில் ரத்தம் எடுக்க வேண்டாம், தாய்க்கும் சேய்க்கும் தசை ஊசி வேண்டாம். மருத்துவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

வலி நன்றாகத்தான் தொடங்கியது. கருப்பை வாய் 7 செ.மீ. வரை திறந்து, அங்கேயே நின்றது. வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து தொடங்கி, முழுதாகத் திறந்த பிறகும் தலை இறங்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் தலையின் மேல் நீர் கோத்த வீக்கம் கூடிக்கொண்டே போனது; மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அந்த நேரம் பார்த்து டியூட்டி மாறியது. புதிதாக வந்த மருத்துவர் வேக்கம் கப்பை எடுக்கச் சொன்னார். வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கும். சிவப்பு எழுத்தைக் காட்டினேன். உடனே அறுவை அரங்குக்குச் சொல்லி அனுப்பினார். ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடியில் எடுத்த ரத்தத்தில் ஃபாக்டர் 8 அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது.

வேக்கம் ஏன் அவ்வளவு ஆபத்து என்பதை வார்டில் வேறொரு குழந்தையிடம் பார்த்தேன். குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. பிரசவம் நீண்டு, வேக்கம் வைத்து எடுத்திருந்தார்கள். சில மணி நேரத்தில் தலை வீங்கத் தொடங்கியது. பிறந்த குழந்தையின் தலையில் வீக்கம் இருந்தால் அதைக் கையால் தொட்டுப் பார்த்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். எலும்பை மூடியிருக்கும் எலும்புறைக்கு அடியில் கட்டிய ரத்தம் ஓர் எலும்பின் எல்லைக்குள் நிற்கும், மெதுவாகக் கரையும். தலைத்தோலுக்கும் எலும்புறைக்கும் இடையில் கசியும் ரத்தத்துக்கு எல்லை கிடையாது. தண்ணீர் நிரம்பிய பை போலத் தளும்பும், எலும்பு இணைப்புகளைத் தாண்டிப் பரவும், காதைக் கீழே தள்ளும், கழுத்துப் பக்கம் இறங்கும். 3 கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பதே சுமார் 240 மி.லி. ரத்தம்தான், ஏறக்குறைய அவ்வளவும் அந்த இடத்திலேயே தேங்கிவிட முடியும். தலைச்சுற்றளவு 1 செ.மீ. கூடினால் சுமார் 40 மி.லி. ரத்தம் உள்ளே போயிருக்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் வேக்கம் போட்ட எந்தக் குழந்தைக்கும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில மணி நேரம் அடிக்கடி, அப்புறம் இடைவெளி விட்டுத் தொடர்ந்து. சுற்றளவு, இதயத் துடிப்பு, வெளிறல், பால் குடிக்கும் தெம்பு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது, குழந்தை சோர்கிறது என்றால் ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் குழந்தைக்கு ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றி, பரிசோதனை முடிவு வந்ததும் ஃபாக்டர் கொடுத்துத்தான் மீட்டோம்.

இதைப் படித்துவிட்டு, மரபணுவைச் சுமக்கும் எல்லாப் பெண்களுக்கும் சிசேரியன்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுகப்பிரசவம் பலருக்கு முடியும். கூடாதது இழுபறியும் ஆயுதமும். முக்கும் இரண்டாம் கட்டத்தில் தலை ஆழமாக இறங்கி மாட்டிக்கொண்ட பிறகு செய்யும் சிசேரியனும் எளிதானது அல்ல. தலையை மேலே தள்ளி எடுக்க வேண்டியிருக்கும், அதிலும் அடிபடும். ஆகவே இவர்கள் விஷயத்தில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பதற்கு மற்றவர்களைவிடக் குறைந்த இடமே உண்டு.

எப்போது பிரசவம் தடம் மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பார்ட்டோகிராஃப் என்ற, பிரசவத்தின் முன்னேற்றத்தை வரைந்து காட்டும் படிவம். ஃப்ரீட்மன் 1954-இல் வரைந்த வளைவிலிருந்து தொடங்கி, 1972-இல் ஃபில்பாட், காசில் இருவரும் எச்சரிக்கைக் கோட்டையும் நடவடிக்கைக் கோட்டையும் சேர்த்தார்கள். மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கை எல்லோருக்கும் பொருத்த வேண்டாம் என்கிறது. 5 செ.மீ. திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அது தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. முழுதாகத் திறந்த பிறகு தலைப்பிரசவத்துக்கு 3 மணி, மற்றவர்களுக்கு 2 மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிடும். 2020-இல் வந்த புதிய பிரசவப் பராமரிப்புப் படிவம் இதை ஒட்டியதுதான். எந்தப் படிவமானாலும் அந்தந்த நேரத்தில் நிரப்ப வேண்டும். பிரசவம் முடிந்த பிறகு நினைவிலிருந்து நிரப்பிய படிவம் யாரையும் காப்பாற்றியதில்லை.

பிரசவம் நின்றுபோனால் மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை எளியவை. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா? பலமுறை அதை வடித்துவிட்டதும் தலை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மல்லாந்தே கிடக்கிறாரா? எழுந்து நடக்க, பக்கவாட்டில் படுக்க, குனிந்து நிற்க உதவுங்கள். தண்ணீர் குடித்தாரா? பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? குழந்தையின் இதயத் துடிப்பை முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். ஆக்ஸிடோசின் ஓடும்போது வயிற்றில் கையை வைத்து எண்ணுங்கள். 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் வலி வந்தால் சொட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். தொப்புளுக்குக் கீழே வயிற்றில் குறுக்காக ஒரு பள்ளம் தெரிந்தாலோ, சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தாலோ அது அடைபட்ட பிரசவம். அங்கே ஆக்ஸிடோசின் கருப்பையைக் கிழித்துவிடும்.

குழந்தை பிறந்ததும் செய்ய வேண்டியது, தொப்புள் கொடியிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்புவது. குழந்தையை எங்கும் குத்த வேண்டியதில்லை. ஃபாக்டர் 8 பிறக்கும்போதே பெரியவர்களுக்கு இருக்கும் அளவில் இருப்பதால் ஹீமோபிலியா ஏ அப்போதே தெரிந்துவிடும். ஃபாக்டர் 9 எல்லாப் பச்சைக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே குறைவு. லேசான ஹீமோபிலியா பி-யை உறுதி செய்ய சுமார் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனையும் பச்சைக் குழந்தைகளுக்கு இயல்பாகவே நீண்டுதான் இருக்கும். அதை மட்டும் வைத்துப் பெற்றோரைப் பயமுறுத்தவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம். முடிவு வரும்வரை தசையில் ஊசி கிடையாது. வைட்டமின் கே-யை வாய் வழியாகக் கொடுப்பது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார்.

தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மரபணுவைச் சுமப்பவர் என்றால் சுமப்பவர் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களில் பலருக்கே ஃபாக்டர் குறைவாக இருக்கும். கர்ப்பத்தில் ஃபாக்டர் 8 தானாகவே உயரும். ஃபாக்டர் 9 அப்படி உயராது. பிரசவத்துக்கும் வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரலுக்கும் 50 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதால் கடைசி மூன்று மாதத்தில் அளந்து பார்ப்பார்கள். உயர்ந்த அளவு பிரசவத்துக்குப் பின் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பழையபடி இறங்கிவிடும். ரத்தப்போக்கு அப்போதுதான் தொடங்கும். அவரோ அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். மேலே சொன்ன பெண்ணுக்கு டிஸ்சார்ஜ் அன்று நான் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: குறைந்துகொண்டு வந்த போக்கு மறுபடி கூடினால், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், கட்டி விழுந்தால், உடனே வர வேண்டும். வலிக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும். இரண்டாம் வாரத்தில் அவர் ரத்தப்போக்கோடு வந்தார். தயங்காமல் வந்ததால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தோடு சரியானது.

நீண்ட பிரசவத்துக்கு அப்புறம் கருப்பை களைத்துத் தளர்ந்துபோகும். ரத்தக் குறை இல்லாத பெண்ணுக்கே அது பெரும்போக்கில் முடியலாம். ரத்தக் குறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவத்துக்கு முன்பே பெரிய ஊசியாக ஒரு நரம்பு லைன் போட்டு, ரத்தம் பொருத்தி வைத்திருப்போம். போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், பையில் சேர்த்தோ எடை போட்டோ அளக்க வேண்டும். டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவம் முடிந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் குறைகிறது என்பதை 2017-இல் வெளியான பெரிய ஆய்வு நிறுவியது. நேரம் போகப் போகப் பலன் தேய்ந்துவிடும்.

இனி, பிரசவ அறையில் தவறிப்போய் வார்டில் வந்து நிற்கும் ஒரு விஷயம். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 1 மி.கி. வைட்டமின் கே போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுகமாகப் பிறந்த குழந்தைக்கு அது தவறுவதில்லை. தவறுவது கஷ்டப்பட்டுப் பிறந்த குழந்தைக்குத்தான். அழாமல் பிறக்கிறது, ஓடிப்போய் மூச்சுக் கொடுக்கிறார்கள், அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறது. பிரசவ அறையில் இருப்பவர்கள் அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார்கள், அங்கே இருப்பவர்கள் இங்கேயே போட்டாயிற்று என்று நினைப்பார்கள். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு. ஒரு மாதம் கழித்து, தாய்ப்பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளை திடீரென்று வாந்தி எடுத்து, வெளிறி, உச்சிக்குழி புடைத்து, வலிப்போடு வருகிறது. மூளைக்குள் ரத்தக்கசிவு. இது பெரும்பாலும் 2 முதல் 12 வாரத்துக்குள் வரும். ஒரே ஓர் ஊசியால் தடுத்திருக்கக்கூடிய விஷயம் என்பதால் எனக்கு இதைப் போல வேதனை தருவது வேறில்லை. இப்போது எங்கள் வார்டில் எந்தக் குழந்தையை வாங்கினாலும் ஊசி போட்ட நேரம், போட்டவர் கையெழுத்து இரண்டையும் பார்த்த பிறகுதான் ஹேண்ட்ஓவரில் கையெழுத்துப் போடுகிறோம். தாய் வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிட்டவர் என்றால் குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திலேயே ரத்தம் கசியலாம். அதையும் கேட்டு வைக்க வேண்டும்.

வார்டு வேலைக்கு வருவோம். ஹீமோபிலியா பிள்ளைகளிடம் நான் கற்ற முதல் பாடம், பிள்ளை சொல்வதை நம்புவது. "முட்டிக்குள்ள குறுகுறுங்குது" என்று ஒரு சிறுவன் சொல்வான். வெளியே வீக்கம் இருக்காது, சூடு இருக்காது. ஆனால் அவனுக்குத் தெரியும். வீங்கும்வரை காத்திருந்தால் மூட்டு கெட்டுவிடும். ஒரே மூட்டில் 6 மாதத்துக்குள் 3 முறை தானாக ரத்தம் கசிந்தால் அந்த மூட்டு தொடர்ந்து அடிவாங்கும் மூட்டாகிவிட்டது என்று கொள்வார்கள். வாய் பேசாத குழந்தை என்றால் தாயைக் கேளுங்கள். "இன்னிக்கு இந்தக் கையை ஊன்ற மாட்டேங்கிறான்" என்று அவர் சொன்னால் அதுவே போதுமான அறிகுறி.

தலையில் அடி, கழுத்தில் வீக்கம், வயிற்றில் அடி: இவற்றுக்கு முதலில் ஃபாக்டர், அப்புறம்தான் ஸ்கேன். இந்த வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி. இன்னொன்று, இடுப்புத் தசைக்குள் கசியும் ரத்தம். அடிவயிறு வலிக்கிறது என்பான், தொடையை மடக்கியே வைத்திருப்பான், நீட்டினால் அலறுவான். குடல்வால் அழற்சி என்று நினைத்துக் கத்தி வைத்துவிட்டால் பேராபத்து.

ஃபாக்டர் கணக்கு சின்னதுதான், ஆனால் பதற்றத்தில் தடுமாறும். ஃபாக்டர் 8, ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் கொடுத்தால் ரத்தத்தில் 2 சதவீதம் உயரும். ஃபாக்டர் 9 அதே அளவுக்குச் சுமார் 1 சதவீதம்தான் உயரும். 10 கிலோ பிள்ளைக்கு 50 சதவீதம் உயர்த்த ஃபாக்டர் 8 என்றால் 250 யூனிட், ஃபாக்டர் 9 என்றால் 500 யூனிட். முன்னது 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகும், பின்னது 18 முதல் 24 மணி நேரத்தில். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். திறந்த குப்பியில் மிச்சம் வைத்துக் கொட்டாமல் முழுக் குப்பியாகவே கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொகுப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஃபாக்டர் கிடைக்காத இடத்தில், பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோ கொடுப்பார்கள். அதில் ஃபாக்டர் 8 உண்டு, ஃபாக்டர் 9 கிடையாது. ஹீமோபிலியா பி பிள்ளைக்கு அதனால் பயனில்லை, பிளாஸ்மாதான் வேண்டும். எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் பையை மாட்டிவிடாதீர்கள்.

கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் இன்ஹிபிட்டர் வந்திருக்கலாம். உடம்பே ஃபாக்டரை எதிர்த்து அழிக்கிறது. தீவிர ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை இது வருகிறது, பெரும்பாலும் ஃபாக்டர் கொடுத்த நாட்களில் முதல் 50-க்குள். ஹீமோபிலியா பி-யில் அரிதுதான். ஆனால் வந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியோடு வரலாம். அதனால் அவர்களுக்கு முதல் சில டோஸ்களை மருத்துவமனையிலேயே, அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். எமிசிசுமாப் என்ற மருந்து 2017-இல் வந்த பிறகு ஹீமோபிலியா ஏ பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையே மாறியிருக்கிறது. தோலுக்கடியில் போடும் ஊசி, நரம்பு தேட வேண்டாம். அதைப் போடும் பிள்ளைக்கு ஏ.பி.டி.டி. இயல்பாகக் காட்டும். அதைப் பார்த்து ரத்தம் சரியாக உறைகிறது என்று நம்பிவிடக் கூடாது.

நரம்பைப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் சொத்து. கைதேர்ந்தவர் குத்தட்டும், மெல்லிய ஊசி போதும், எடுத்த பிறகு 5 நிமிடமாவது தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். தோலுக்கடியில் போடக்கூடியதை அப்படியே போடலாம். வாயில் ரத்தம் கசிந்தால் டிரானெக்ஸாமிக் அமிலம் நன்றாக வேலை செய்யும்; சிறுநீரில் ரத்தம் போனால் அதைக் கொடுக்கக் கூடாது, குழாயில் கட்டி அடைத்துக்கொள்ளும். ஈறில் ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அப்புறம் பல் சொத்தையாகி, பிடுங்க வேண்டி வந்து, அதுவே பெரிய ரத்தப்போக்காகிவிடும்.

எல்லாக் கன்றிப்போன புள்ளிகளும் ஹீமோபிலியா இல்லை. காய்ச்சல் வந்து போன சில வாரத்தில் உடம்பெங்கும் சிவப்புப் புள்ளிகளோடு, மற்றபடி உற்சாகமாக ஓடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிளேட்லெட் குறைந்திருக்கும். நோயெதிர்ப்பு அணுக்களே அழித்திருக்கும். எண்ணிக்கை 20,000-க்குக் கீழே என்றதும் பெற்றோர் நடுங்கிப்போவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் 6 மாதத்துக்குள் தாமாகத் தேறிவிடுகிறார்கள். எண்ணிக்கையைவிட ரத்தம் எங்கே கசிகிறது என்பதைப் பார்த்துத்தான் சிகிச்சை. கூடவே வெளிறல், எலும்பு வலி, ஈரல் வீக்கம் இருந்தால் அது வேறு விசாரணை.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். 1926-இல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லபிராண்ட், ஆலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் பார்த்த ரத்தக் குறையைப் பற்றி எழுதினார். அவர் முதலில் பார்த்த சிறுமி பின்னர் 13 வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். பரம்பரையாக வரும் ரத்தக் குறைகளில் மிகப் பரவலானது அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த நோய்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். வயதுக்கு வந்த புதிதில் ரத்தம் கொட்டி, வெளிறிப்போய் வரும் சிறுமியை "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் ஒப்பாது. அவள் நாளைக்குப் பிரசவ அறைக்கு வருவாள்.

உடம்பில் கன்றல் இருக்கும் கைக்குழந்தையைப் பார்த்ததும் பெற்றோர் அடித்திருப்பார்களோ என்று ஐயம் வருவது இயல்பு. குழந்தையைக் காக்கும் அந்த விசாரணை தேவைதான். ஆனால் ரத்தப் பரிசோதனையையும் அதோடு சேர்த்தே அனுப்புங்கள், அதுவரை குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். சந்தேகப்பட்ட அந்த ஒரு நாளைப் பல வருடம் மறக்காத தாய்மார்களை எனக்குத் தெரியும். நோய் பெயர் தெரிந்த பிறகு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்னாலதானே சிஸ்டர் இவனுக்கு வந்தது?" மரபணுவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்று சொல்வேன். கணவரும் மாமியாரும் அருகில் இருக்கும்போதே சொல்வேன், அவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காக. அப்புறம் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பேன். ஃபாக்டரைக் கலக்கக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். பயத்தோடு வந்தவர், நரம்பில் தானே ஊசி ஏற்றப் பழகும்போது அவர் முகமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தீவிர வகை என்றால், ரத்தம் கசிந்த பிறகு கொடுப்பதைவிட 3 வயதுக்கு முன்பே முறையாகத் தடுப்பு மருந்தைத் தொடங்குவதுதான் மூட்டைக் காக்கும். நீச்சல், நடை, சைக்கிள் எல்லாம் வேண்டும். வலுவான தசைதான் மூட்டுக்குக் காவல். தலையில் மோதும் விளையாட்டுகள் மட்டும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் அன்று நான் இரண்டு அட்டைகள் எழுதுகிறேன். பிள்ளையின் அட்டையில் நோயின் வகை, ஃபாக்டர் சதவீதம், எடை, ரத்த வகை, இன்ஹிபிட்டர் உண்டா இல்லையா, கடைசியாகக் கொடுத்த மருந்து, "தலையில் அடிபட்டால் முதலில் ஃபாக்டர்" என்ற வரி. பள்ளிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டாவது அட்டை தாய்க்கு. அவருடைய சொந்த ஃபாக்டர் அளவு, அடுத்த கர்ப்பம் தெரிந்ததும் முதல் சந்திப்பிலேயே காட்ட வேண்டும் என்ற குறிப்பு, கடைசி மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும் என்பது, பிரசவத்தின்போது செய்யக் கூடாதவை, தொப்புள் கொடி ரத்தம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் கவனிக்க வேண்டியவை. அவருடைய தங்கைகளுக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்து, திருமணத்துக்கு முன்போ பின்போ ஒருமுறை அவர்களும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன்.